ஒரு ஷோரூம் சொன்ன விலையை இன்னொரு ஷோரூமில் சொல்லலாமா?

கேள்வி: முதல் முறையாகப் புது கார் வாங்கப் போகிறேன். மாடல், வேரியண்ட், நிறம் எல்லாம் முடிவாகிவிட்டது. ஒரே கம்பெனியின் மூன்று டீலர்களிடம் விசாரித்தேன். முதல் ஷோரூமில் இருந்த தம்பி இரண்டு முறை டெஸ்ட் டிரைவ் கொடுத்தார், கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். ஆனால் பட்டியல் விலையில் 2 சதவீதத்துக்கு மேல் குறைக்க முடியாது என்கிறார். இரண்டாவது ஷோரூமில் 5 சதவீதம் தருகிறார்கள். இன்சூரன்ஸ், ஆக்சஸரீஸ் இரண்டையும் அவர்களிடமே எடுக்க வேண்டுமாம். மூன்றாவது ஷோரூம் கொஞ்சம் தூரம். போன் செய்தால், "யார் என்ன விலை சொன்னாலும் அதைவிடக் குறைத்துத் தருகிறோம், நேரில் வாருங்கள்" என்கிறார்கள். "மூன்று பேரையும் மோதவிடு" என்கிறார் அண்ணன். அந்தத் தம்பி கொடுத்த கொட்டேஷனைக் கொண்டுபோய் இன்னொருவரிடம் காட்டுவது எனக்குத் துரோகம் போலப் படுகிறது. பேரம் பேசியும் பழக்கமில்லை. பழைய காரையும் கொடுத்தாக வேண்டும். என்ன செய்யட்டும்? – வாசகி ஒருவர்

பதில்: வணக்கம். பதினோரு வருடம் ஷோரூமில் விற்கும் பக்கம் உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகு, கார் வாங்குகிறவர்களுக்குத் துணையாகப் போவதே என் வேலையாக இருக்கிறது. இரண்டு பக்கமும் பார்த்தவன் என்பதால், துரோகம் என்ற உங்கள் கவலைக்கு முதலில் பதில் சொல்கிறேன். விலையைப் பற்றிப் பிறகு பேசலாம்.

அது துரோகம் இல்லை. உங்களுக்குச் சொன்ன விலை உங்களுடையது. நீங்கள் நாலு இடத்தில் கேட்பீர்கள் என்பது அந்தத் தம்பிக்கும் தெரியும், அவருடைய மேனேஜருக்கும் தெரியும். வேறு இடத்தில் வாங்குவதென்று மனத்தில் முடிவு செய்துவிட்டு, இன்னும் ஒரு டெஸ்ட் டிரைவ் கேட்டு அவரை அலைக்கழித்தால்தான் அது தப்பு. அப்புறம், அவர் கொடுத்த தாளையே போட்டோ எடுத்து இன்னொரு ஷோரூமுக்கு அனுப்ப வேண்டாம். அதில் அவர் பெயர், போன் நம்பர் எல்லாம் இருக்கும். ஒரே கம்பெனியின் டீலர்கள் ஒருவரையொருவர் நன்றாகவே அறிவார்கள். யாருடைய ஆள் எவ்வளவு குறைத்துக் கொடுத்தான் என்று பேச்சு கிளம்பினால் சிக்கல் அவருக்குத்தான். மொத்தத் தொகையை வாயால் சொன்னால் போதும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். 2 சதவீதத்துக்கு மேல் முடியாது என்று அவர் சொன்னது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. பெரும்பாலான ஷோரூம்களில் சேல்ஸில் இருப்பவர் தானாகக் குறைக்க ஓர் எல்லை உண்டு, அதற்கு மேல் டீம் லீடர், அதற்கும் மேல் மேனேஜர். அவர் சொன்னது அவருடைய எல்லை. ஷோரூமின் எல்லை அதுதான் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கு மேல் போய்க் கேட்க அவருக்கு ஒரு காரணம் வேண்டும். கையில் எதுவும் இல்லாமல் மேனேஜர் அறைக்குப் போனால் திட்டு வாங்கிக்கொண்டுதான் வருவார். அந்தக் காரணத்தை நீங்கள்தான் அவர் கையில் கொடுக்க வேண்டும். போட்டிக் கொட்டேஷன் அதற்குத்தான் பயன்படும். இப்படிப் பாருங்கள், உங்கள் மனம் கொஞ்சம் லேசாகும்.

சரி, விலைக்கு வருவோம். 2 சதவீதம், 5 சதவீதம், "எல்லாரையும் விடக் குறைவு" என்று மூன்று பதில்களை வைத்திருக்கிறீர்கள். இவற்றில் எந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. பட்டியல் விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். அரசுக்குப் போகும் வரியையும் பதிவுக் கட்டணத்தையும் இப்போதைக்கு ஒதுக்கிவைப்போம். முதல் ஷோரூமில் காருக்கு 98. இன்சூரன்ஸை நீங்களே வெளியில் விசாரித்து எடுத்தால் 4 ஆகிறது என்று கொள்ளுங்கள். மொத்தம் 102. இரண்டாவது ஷோரூமில் காருக்கு 95. ஆனால் அவர்கள் வழியாக எடுக்கும் அதே இன்சூரன்ஸ் 5.5, கட்டாய ஆக்சஸரீஸ் பேக் 3, தாளின் அடியில் சின்ன எழுத்தில் ஹேண்ட்லிங் சார்ஜ் 1. கூட்டிப் பார்த்தால் 104.5. இவை நான் கணக்குக்காகப் போட்ட எண்கள், உங்கள் கொட்டேஷனில் வேறு எண்கள் இருக்கலாம். ஆனால் இந்த அமைப்பில் இருக்கும் கொட்டேஷன்களை எத்தனையோ முறை நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். காரில் விட்ட லாபத்தை இன்சூரன்ஸ் கமிஷனிலும், சீட் கவரிலும், அடியில் பூசும் துருத்தடுப்புக் கோட்டிங்கிலும், எக்ஸ்டெண்டட் வாரண்டியிலும் திரும்ப எடுப்போம். புது கார் விற்பனையில் காரின் மேல் நிற்கும் லாபம் மெலிதானது. கூட விற்கிறவைதான் ஷோரூமுக்குக் கை கொடுக்கின்றன.

அதனால் சதவீதத்தை மறந்துவிடுங்கள். எவ்வளவு தள்ளுபடி என்று யாரிடமும் கேட்காதீர்கள். வண்டி என் கைக்கு வரும்வரை நான் கொடுக்க வேண்டிய மொத்தத் தொகை எவ்வளவு என்று கேளுங்கள். ஒவ்வொரு செலவும் தனித்தனி வரியாக எழுத்தில் வர வேண்டும். காரின் விலை, வரி, பதிவு, இன்சூரன்ஸ், ஆக்சஸரீஸ், வேறு பெயரில் வரும் எந்தக் கட்டணமும். ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டு, மூன்று ஷோரூமுக்கும் ஒரே வரிசையில் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எந்தக் கட்டம் காலியாக இருக்கிறதோ அந்த இடத்தைப் பற்றித்தான் கேட்க வேண்டும். இன்சூரன்ஸை வாங்குகிறவர் தன் விருப்பப்படி வேறு இடத்தில் எடுக்கலாம் என்று பல நாடுகளில் சட்டமே சொல்கிறது. "இங்கேதான் எடுக்க வேண்டும்" என்று சொன்னால், "அதை எழுதிக் கொடுங்கள்" என்று அமைதியாகக் கேளுங்கள். எழுதிக் கொடுக்க முன்வருகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

அதோடு இந்த ஒரு கேள்வியையும் மூன்று இடத்திலும் கேளுங்கள்: "நீங்கள் குறைக்கிற தொகையில் கம்பெனி ஆஃபர் எவ்வளவு, உங்கள் ஷோரூம் தருவது எவ்வளவு?" வெளியே இருப்பவர்கள் இதைக் கேட்பது குறைவு. தள்ளுபடி இரண்டு இடத்திலிருந்து வருகிறது. ஒன்று, கார் தயாரிக்கிற கம்பெனி அந்த மாதத்துக்கு அறிவித்தது. பொதுவாக ஒரு பகுதியில் இருக்கும் எல்லா டீலருக்கும் அது ஒன்றுதான். மற்றது, டீலர் தன் லாபத்திலிருந்து விட்டுக்கொடுப்பது. கம்பெனி ஆஃபரை அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டு, தாங்களே பெரிய மனது பண்ணிக் குறைத்தது போலச் சொல்லும் ஷோரூம்கள் உண்டு. முதல் இடத்தில் சொன்ன 2 சதவீதம் முழுக்க கம்பெனியுடையது என்று தெரிந்தால், அவர்கள் இன்னும் எதையும் விட்டுக்கொடுக்கவே இல்லை என்று ஆகிறது. பழைய காரைக் கொடுத்தால் கிடைக்கும் போனஸ், குறிப்பிட்ட வேலையில் இருப்பவர்களுக்கான சலுகை இவையெல்லாம் நிபந்தனையோடு வருபவை. அந்த நிபந்தனை உங்களுக்குப் பொருந்தாவிட்டால் தாளிலிருந்து அந்த வரியை அடித்துவிட்டுக் கூட்டுங்கள்.

மூன்றாவது ஷோரூம் போனில் எண்ணே சொல்லவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. எண்ணைச் சொல்லிவிட்டால் நீங்கள் அதை வைத்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போய்விடலாம். நேரில் வந்துவிட்டால், ஒரு மணி நேரம் உட்கார்ந்து, காபி குடித்து, வண்டியையும் ஒரு சுற்று ஓட்டிய பிறகு எழுந்து போக யாருக்கும் மனம் வருவதில்லை. எங்களுக்குப் பயிற்சியிலேயே இதைச் சொல்லிக்கொடுத்தார்கள். அவர்களுக்கு ஒரு மெசேஜ் போடுங்கள்: "வேரியண்ட் இது, நிறம் இது. மொத்தத் தொகையை வரிவரியாக எழுத்தில் அனுப்பினால், பிடித்திருந்தால் நேரில் வருகிறேன்." இரண்டு நாளில் பதில் வராவிட்டால் அந்த இடத்தை விட்டுவிடலாம். தூரம் என்பதற்காக மட்டும் விட வேண்டாம். வாரண்டி பொதுவாகக் கம்பெனியுடையது. வாங்கிய இடத்திலேயே சர்வீஸ் செய்ய வேண்டும் என்பதில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அதே கம்பெனியின் அங்கீகரித்த சர்வீஸ் சென்டருக்குப் போகலாம்.

மாதக் கடைசியில் போனால் விலை குறையுமா என்று அடுத்து கேட்பீர்கள். குறையலாம், எப்போதும் இல்லை. டீலருக்குக் கம்பெனி ஒரு டார்கெட் கொடுக்கும். 40 கார் விற்றால், விற்ற எல்லாக் காருக்கும் சேர்த்து ஒரு போனஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். 39-இல் நிற்கிற ஷோரூமுக்கு அந்த நாற்பதாவது காரில் லாபமே இல்லாவிட்டாலும் கவலையில்லை. ஆனால் 25-ஆம் தேதியே 44 விற்றுவிட்ட ஷோரூமுக்கோ, 20-ஐத் தாண்டாத ஷோரூமுக்கோ மாதக் கடைசி இன்னொரு நாள், அவ்வளவுதான். யார் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்று வெளியிலிருந்து தெரியாது. மூன்று இடத்தில் கேட்பதற்கு உண்மையான காரணமே இதுதான். ஒரே காருக்கு ஒரே நாளில் ஒருவருக்கு அவசரம் இருக்கும், மற்றவருக்கு இருக்காது.

ஒரு மாதத்தின் கடைசி நாள் மாலை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அன்று எங்கள் டார்கெட்டான 40-க்கு ஒரு கார் குறைந்தது. ஷட்டர் இறக்க அரை மணி நேரம் இருந்தபோது ஓர் அம்மா வந்தார். பைக்குள்ளிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து என் மேசையில் விரித்தார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு மூன்று ஷோரூமின் கணக்கும் எழுதியிருந்தார். எங்கள் கட்டத்தின் அடியில் ஒரு தொகையைப் பென்சிலில் வட்டமிட்டிருந்தார். "இந்தத் தொகைக்கு முடியும் என்றால் இப்பவே கையெழுத்துப் போடுகிறேன். முடியாவிட்டால் பரவாயில்லை, நாளைக்கு இன்னொரு இடத்தில் முடித்துக்கொள்கிறேன்" என்றார். குரலை உயர்த்தவில்லை. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நான் மேனேஜர் அறைக்குப் போனேன். அவர் கால்குலேட்டரில் இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டு, வட்டத்துக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்த மாதத்தின் நாற்பதாவது கார் அதுதான்.

அதே மேனேஜர் வேறொரு நாள் நடந்துகொண்ட விதத்தையும் சொல்ல வேண்டும். ஒருவர் வந்து, பக்கத்து ஷோரூமில் 12 சதவீதம் குறைத்துத் தருவதாகச் சொன்னார்கள் என்றார். எங்களுக்கும் அவர்களுக்கும் கம்பெனியிலிருந்து வரும் அடக்க விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். அந்த மாதம் அந்த மாடலில் 12 சதவீதம் யாராலும் தர முடியாது என்பது மேசையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். யாரும் அவரை எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் சொன்ன உண்மையான விஷயங்களையும் யாரும் நம்பவில்லை. எங்களால் தர முடிந்த 4 சதவீதத்தைக்கூட அன்று வெளியே எடுக்கவில்லை. இல்லாத விலையை இருப்பதாகச் சொல்லாதீர்கள். உங்களுக்கு அதற்கான தேவையே இல்லை, உண்மையான கொட்டேஷன்கள் கையில் இருக்கும்போது.

அண்ணன் சொன்ன "மோதவிடு" என்பதில் பாதி சரி. இரண்டு சுற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முதல் சுற்றில் மூன்று பேரும் எழுத்தில் தரட்டும். இரண்டாவது சுற்றில், இருப்பதிலேயே குறைந்த மொத்தத் தொகையை மற்ற இருவரிடமும் சொல்லி, அவர்களால் முடிந்த கடைசித் தொகையைக் கேளுங்கள். மூன்றாவது முறையும் போனால், நீங்கள் வாங்கப் போவதில்லை, விலை கேட்கத்தான் வருகிறீர்கள் என்று நினைத்துவிடுவார்கள். அண்ணனையும் கூட்டிக்கொண்டு போங்கள், தாராளமாக. பேசுகிறவர் மட்டும் ஒருவராக இருக்கட்டும். இரண்டு பேர் பேசினால், யாருக்கு நிறம் முக்கியம், யாருக்கு விலை முக்கியம் என்று எதிரில் இருப்பவர் ஐந்து நிமிடத்தில் பிரித்துப் பார்த்துவிடுவார்.

பழைய காரைப் பற்றி, புதுக் காரின் விலை எழுத்தில் வரும்வரை வாயே திறக்காதீர்கள். கேட்டால், "அதை எங்கே கொடுப்பது என்று இன்னும் முடிவு செய்யவில்லை" என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட. இரண்டையும் ஒன்றாகப் பேசினால் புதுக் காரில் குறைத்ததைப் பழைய காரில் எடுத்துக்கொள்வது மிகச் சுலபம். நீங்கள் கடைசி எண்ணை மட்டும் பார்த்து மகிழ்ந்துபோவீர்கள். முன்னதாகவே பழைய கார் வாங்கி விற்கிறவர்கள் இரண்டு மூன்று பேரிடம் காட்டி விலை வாங்கிவையுங்கள். பிறகு ஷோரூமில் தருவதோடு, எக்ஸ்சேஞ்ச் போனஸையும் சேர்த்து ஒப்பிடுங்கள். பல நேரம் வெளியே விற்பதே மேல்.

கடனும் அப்படித்தான். "மாதம் எவ்வளவு கட்ட முடியும்?" என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டாம். மாதத் தவணையைக் குறைக்க விலையைக் குறைக்க வேண்டியதில்லை, வருடத்தை நீட்டினால் போதும். வட்டியைச் சொல்லும்போது அது ஃபிளாட் வட்டியா (கடைசிவரை முழுக் கடனுக்கும் போடுவது), குறையும் நிலுவைக்கு வட்டியா (கட்டியது போக மீதிக்கு மட்டும் போடுவது) என்று கேளுங்கள். 5 வருடக் கடனில் 6 சதவீத ஃபிளாட் வட்டி என்பது, குறையும் நிலுவைக் கணக்கில் ஏறக்குறைய 11 சதவீதம். கேட்கச் சின்னதாக இருக்கும் 6, உண்மையில் சின்னது இல்லை. உங்கள் வங்கியில் முதலில் கேட்டு வைத்துக்கொண்டு போங்கள்.

யாராவது ஒருவர் மட்டும் திடீரென்று நிறையக் குறைத்தால், அது எந்த வண்டி என்று கேளுங்கள். டீலர்கள் பெரும்பாலும் கடன் வாங்கித்தான் ஸ்டாக் வைத்திருப்பார்கள்; மூன்று நான்கு மாதமாக யார்டில் நிற்கிற காருக்கு ஒவ்வொரு நாளும் வட்டி ஏறும். அதைத் தள்ளிவிட நினைப்பார்கள். அந்தக் காரை வாங்குவதில் தவறில்லை, தெரிந்து வாங்க வேண்டும். யார்டுக்குப் போய், முன் டயரின் பக்கத்தில் குனிந்து பாருங்கள். வரிசையாக எழுத்துகள் இருக்கும், அதன் முடிவில் நான்கு இலக்கம். 2324 என்று இருந்தால் அந்த டயர் 2024-ஆம் வருடம் 23-ஆவது வாரத்தில் செய்தது. சில டயர்களில் இந்த நான்கு இலக்கம் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். காணாவிட்டால் அடுத்த டயரைப் பாருங்கள். டயர் காரைவிடச் சில வாரம், சில நேரம் சில மாதம்கூடப் பழையதாக இருக்கலாம், அதனால் இது ஓர் அடையாளம்தான். பல கார்களில் கதவைத் திறந்தால் தூணில் உள்ள ஸ்டிக்கரிலேயே தயாரித்த மாதமும் வருடமும் இருக்கும். அதையும், 17 எழுத்து-எண் கொண்ட சேசிஸ் நம்பரையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் வரும் இன்வாய்ஸில் அதே நம்பர்தானா என்று ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். முழுப் பணத்தையும் கட்டும் முன்பு, பகல் வெளிச்சத்தில்.

போன வருட வண்டி என்றால் விற்கும்போது ஒரு வருடம் பழையதாகவே கணக்கிடுவார்கள். அந்த நஷ்டத்தை ஈடுகட்டும் அளவுக்கு விலை குறைந்தால் எடுங்கள்.

நீங்கள் கேட்கும் மாடலுக்கே மாதக்கணக்கில் காத்திருப்பு என்றால், மேலே சொன்னதில் பாதி வேலை செய்யாது. அப்போது விலையில் மல்லுக்கட்டாமல், வேண்டாத ஆக்சஸரீஸை நீக்குவதிலும், டெலிவரி தேதியை எழுதி வாங்குவதிலும் கவனம் வையுங்கள். அட்வான்ஸ் கொடுக்கும்போது, அந்தத் தேதி தவறினால் முழுத் தொகையும் திரும்ப வரும் என்று ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். இது எல்லாருக்கும் பொருந்தும்.

இப்போது அந்தத் தம்பியிடம் திரும்பி வருவோம். கடைசி வாய்ப்பை அவருக்குக் கொடுங்கள். உங்களுக்காக நேரம் செலவிட்டவர் அவர்தான், அதற்கு மதிப்பு உண்டு. என்னைக் கேட்டால், மொத்தத் தொகையில் அரை சதவீதம் வரை அதிகமானாலும் அவரிடமே வாங்குவேன். டெலிவரி நாளில் ஒரு பிரச்சினை என்றால் போனை எடுக்கிற ஆள் அவர்தான் என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. 3 சதவீத வித்தியாசம் என்றால் அந்த நன்றிக்கடன் உங்கள் சக்திக்கு மீறியது; அவரும் அதைப் புரிந்துகொள்வார். பேரம் பேசிப் பழக்கமில்லை என்கிறீர்கள். பேசவே வேண்டாம், இதை அனுப்புங்கள்:

"தம்பி, நீங்கள் பொறுமையாக எல்லாம் விளக்கினீர்கள், உங்களிடமே வாங்க விரும்புகிறேன். இதே வேரியண்ட், இதே நிறம், எல்லாம் சேர்த்து எனக்கு இன்னொரு ஷோரூமில் இவ்வளவு தொகைக்கு எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள். அதே தொகைக்கு உங்களால் முடியும் என்றால் நாளைக்கே வந்து புக்கிங் போடுகிறேன். மேனேஜரிடம் கேட்டுச் சொல்லுங்கள். முடியாவிட்டாலும் உங்கள் மேல் வருத்தமில்லை."

முடியும் என்று பதில் வந்தால், சொன்னபடி மறுநாளே போய்விடுங்கள். "இன்னும் கொஞ்சம் குறையுமா" என்று அங்கே புதிதாக ஆரம்பிக்க வேண்டாம். அவர் உங்களை நம்பி மேனேஜரிடம் பேசியிருப்பார். புக்கிங் முடிந்த அன்று மாலையே மற்ற இரண்டு ஷோரூமுக்கும், வேறு இடத்தில் வாங்கிவிட்டேன், நேரம் ஒதுக்கியதற்கு நன்றி என்று ஒரு வரி அனுப்பிவிடுங்கள். உங்கள் பெயர் அவர்களுடைய பட்டியலில் இருக்கும்வரை, தினமும் உங்களுக்குப் போன் செய்யச் சொல்லி அங்கேயும் யாரோ ஒரு தம்பியை நெருக்கிக்கொண்டே இருப்பார்கள்.